ஓட்டோகுரொஸ்ல கார் இழுக்குதில்லையா? ஆர்பிஎம் முள்ளைப் பாத்துப் பிழை பிடிப்பம்

ஓட்டோகுரொஸ் எண்டா அடைச்ச தரையில கூம்பு வச்சு, நேரம் பாத்து ஓடுற கார் ஓட்டம். எங்கட கராஜுக்கு வாற பொடியனுகள்ல பாதிப்பேர் ஒரே கதைதான் சொல்லுவாங்க. "அண்ணே, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, ஆனா கூம்பு சுத்தி வெளிய வரக்குள்ள கார் போகுதில்ல, பெரிய எஞ்சின் ஒண்டு போடுவமா?" நான் உடன ஓம் எண்டு சொல்றல்ல. மின்னேரியா கன்னர்ஸ், தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில் மாதிரி கார்ப் போட்டிக்கு ஒருநாள் போகணும் எண்டு ஆசைப்பட்டு பழைய ஸ்டார்லெட், மார்ச், லேசர், சிவிக் எண்டு எடுத்து ரெடி பண்றவனுகள் கையில இருக்கிறது அளவான காசு, அதை எஞ்சினுக்குள்ள கொட்டிட்டு டயர் வாங்க ஏலாம நிக்கிறதைக் கனதரம் பாத்துட்டன், மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

கீழ எழுதியிருக்கிறது முன் சில்லு இழுக்கிற சின்னக் காருக்கு, 1000 சிசில இருந்து 1600 சிசி வரைக்கும். பின் சில்லு இழுக்கிற காருக்குப் பாதிதான் சரிவரும்.

தொடங்க முன்னம் ஒரு வேலை. ஃபோனை ஆர்பிஎம் முள்ளும் (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து எண்டு காட்டுறது) முன் கண்ணாடியும் ஒண்டாத் தெரியுற மாதிரி சீற்றுக்கு நடுவால கட்டி, ரெண்டு ஓட்டம் ஓடி வீடியோ எடுங்க. ஓட்டம் முடிஞ்ச உடன இறங்கி அந்த வளைவுல டயர் கீறின தடத்தையும் நடந்து பாருங்க. கார் போகாத அந்த ரெண்டு செக்கன்ல முள் ஏறுதா, விழுதா, நடுங்குதா எண்டதை வச்சுத்தான் எந்தத் தலைப்புக்குப் போறது எண்டு முடிவு. ஒரு தரத்துக்கு ஒரு சாமானைத்தான் மாத்தணும், மாத்தினதைக் கொப்பில எழுதணும். இதெல்லாம் அனுமதி எடுத்த, ஆள் நடமாட்டம் இல்லாத அடைச்ச தரையில மட்டும். எங்கட திருகோணமலைல நிலாவெளி ரோட்டுலயோ உட்துறைமுக வீதிலயோ இந்த வேலை செஞ்சு பாக்காதீங்க, மாடும் மானும் பிள்ளைகளும் குறுக்க வாற ரோட்டுகள் அது.

ஸ்டார்ட்ல முள் சட்டெண்டு ஏறுது, கார் நிண்ட இடத்துல மண்ணைக் கிண்டுது

முன் சில்லுக் காருக்கு ஸ்டார்ட் எப்பவும் கஷ்டம்தான், ஏனெண்டா கார் முன்னுக்குப் பாயக்குள்ள பாரம் பின்னுக்குப் போகுது. ஸ்டார்லெட் ஒண்டு, ஓட்டுறவரோட 870 கிலோ எண்டு வைங்க, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 2.3 மீற்றர், பார மையம் அரை மீற்றர் உயரம், தார்ல நல்லா இழுத்துப் போகக்குள்ள முன்னுக்கு இருந்து 75 கிலோ கிட்டப் பின்னுக்கு மாறும். ஒரு ஆள் பொனட்ல இருந்து எழும்பி டிக்கில போய் இருந்த மாதிரி.

காசு இல்லாத வழி முதல்ல: கிளச்சைச் சட்டெண்டு விடுறதை நிப்பாட்டுங்க. கிரவல் தரையில 2500 ஆர்பிஎம்ல தொடங்கி, முள் எங்க நிண்டா கார் சுத்தாம போகுதோ அந்த இடத்தை 200, 200ஆ கூட்டிக் குறைச்சுக் கண்டுபிடியுங்க. முக்காவாசிப் பேருக்கு இதோட வருத்தம் மாறிடும்.

அடுத்தது காத்து. கிரவல்ல முன் டயருக்கு 26 பிஎஸ்ஐ வச்சுத் தொடங்கி ரெண்டு ரெண்டா இறக்குங்க, ஆனா 20க்குக் கீழ போக வேணாம், பக்கவாட்டா வழுக்கக்குள்ள டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். தார்ல இது தலைகீழ், காத்துக் குறைஞ்சா டயர் மடங்கி ஓரத்தால ஓடும். டயர் ஓரத்துல சோக்கால கோடு போட்டு ஓடிப் பாருங்க, கோடு எவ்வளவு அழிஞ்சிருக்கு எண்டதே பதில் சொல்லும்.

பிறகு டிக்கியைத் திறங்க. முன்னுக்குப் பாரம் குறைக்கிறன் எண்டு பற்றரியை டிக்கிக்கு மாத்தினவங்களும் வாறாங்க, அது பின் சில்லு இழுக்கிற காருக்குச் செய்யுற வேலை. உங்களுக்கு இழுக்கிற சில்லுக்கு மேல பாரம் வேணும், பற்றரி இருந்த இடத்துலயே இருக்கட்டும்.

இவ்வளவும் செஞ்சும் சுத்துதெண்டா டயர்தான். ரோட்டு டயர் கல்லு மாதிரி இறுகியிருந்தா நகத்தால அமத்திப் பாருங்க, பள்ளம் விழாது. பக்கச் சுவர்ல இருக்கிற நாலு இலக்கத்துல முதல் ரெண்டும் வாரம், மற்ற ரெண்டும் வருஷம். எங்கட வெயிலுக்கு ஆறேழு வருஷப் பழசு டயர் பூ இருந்தாலும் செத்த டயர்தான்.

ஸ்டார்ட்ல முள் கீழ விழுந்து எஞ்சின் திணறுது

இது மேல சொன்னதுக்கு எதிர்ப்பக்கம். தார்ல புது டயரோட இது அதிகமா வரும். ஆர்பிஎம்மைக் கூட்டி விடுங்க, அவ்வளவுதான் முதல் வைத்தியம். சரிவரல்லயா, எக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்க ஆள் ஒருத்தரை வச்சிட்டு நீங்க பொனட்டுக்குள்ள பாருங்க, த்ரொட்டில் முழுக்கத் திறக்குதா எண்டு. கால் மிதியடி பெடலுக்குக் கீழ மடங்கிக் கிடந்து முக்கால்வாசிதான் திறந்த காரை நான் ரெண்டு தரம் பாத்திருக்கன், அதுல ஒருத்தர் ஏற்கனவே இன்ஜெக்டர் கழுவிக் காசும் குடுத்துட்டார். பிறகு எயார் ஃபில்டர், ப்ளக், பெற்றோல் ஃபில்டர் எண்டு விலைப்படி போங்க. கொம்பிரஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கம்) பாக்கிறது பாஸ்மாருக்கு, அதான் மெக்கானிக்மாருக்கு, பத்து நிமிஷ வேலை, நாலு சிலிண்டர்ல ஒண்டு மற்றதுகளை விட நல்லாக் குறைவெண்டா அங்கால எஞ்சின் ஆள்தான் பாக்கணும்.

வளைவால வெளிய வரக்குள்ள முள் துள்ளி ஏறுது, கார் போகுதில்ல

ஓட்டோகுரொஸ்ல அதிகமா நேரம் போறது இங்கதான், அதால இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

முதல்ல கிளச்சா சில்லா எண்டு பிரிக்கணும். இறங்கிப் போய்த் தடத்தைப் பாருங்க. வளைவுக்கு உள்பக்கம் ஒரே ஒரு கோடு மட்டும் ஆழமாக் கீறியிருந்தா உள்ச் சில்லு சும்மா சுத்துது. தடமே இல்ல, ஆனா முள் ஏறினதெண்டா கிளச் வழுக்குது. உறுதிப்படுத்த நேர்த் தரையில மூண்டாம் கியர்ல 40 கிலோமீற்றர் வேகத்துல போய் முழுக்க மிதிங்க, வேகம் கூடாம முள் மட்டும் ஏறினா கிளச் பிளேட் முடிஞ்சுது. கேபிள் இருக்கிற காருக்கு பெடல்ல கொஞ்சம் ஆட்டம் இருக்குதா எண்டு பாத்து லூஸ் பண்ணிப் பாக்கலாம், அதுக்கும் வழுக்கினா கியர்பொக்ஸ் இறக்கத்தான் வேணும், அது கராஜ் வேலை.

சில்லுதான் சுத்துதெண்டா இப்படிப் போங்க.

ஓட்டுறவர்: ஸ்டியரிங் இன்னும் முறிஞ்சு இருக்கக்குள்ளயே மிதிக்கிறாரா எண்டு வீடியோல பாருங்க. கை நேராக வர வர கால் இறங்கணும். இதுக்கு ஒரு சதமும் செலவில்ல.

பின் டயர்ல காத்து: தார்ல பின்னுக்கு நாலஞ்சு பிஎஸ்ஐ கூட்டினா காரின்ர பின்பக்கம் லேசாத் திரும்பித் தரும், அப்ப ஸ்டியரிங்கைக் கெதியா நேராக்கலாம், நேராக்கினா ரெண்டு சில்லும் இழுக்கும்.

ஸ்டபிலைசர் கம்பி: முன்பக்கக் கம்பி கார் சரியுறதைக் குறைக்கும், ஆனா அதுக்கு விலையா உள்ச் சில்லைத் தூக்கும். கம்பியைச் சில்லுப் பக்கத்தோட பிணைக்கிற லிங்க் ரெண்டையும் கழட்டிக் கட்டி வச்சிட்டு ஒரு ஓட்டம் ஓடுங்க, அரை மணித்தியால வேலை. உள்ச் சில்லு பிடிக்கத் தொடங்கினா பிழை எங்க எண்டு தெரிஞ்சுட்டு. பிறகு நிரந்தரமாச் செய்யுறதெண்டா முன்பக்கத்தை அப்படியே விட்டுட்டு பின்பக்கத்தை இறுக்கிறதுதான் நல்லம், தடிச்ச கம்பி இல்லாட்டி இறுக்கமான பின் ஸ்பிரிங். பின்பக்கம் இறுகினா வளைவுல சரியுற பாரத்தைப் பின்பக்கம் கூடத் தாங்கும், முன் உள்ச் சில்லுல பாரம் மிஞ்சும். அப்ப பின் உள்ச் சில்லு நிலத்தை விட்டு எழும்பும், பாத்துப் பயப்பட வேணாம், ஒரு சாண் உயரத்துக்குள்ள இருந்தாச் சரி. ஆனா ஈரத்துல இப்படி இறுக்கின கார் சட்டெண்டு பின்னால சுத்தும், மார்கழி மழைக்குள்ள ஓடுறவங்க முன் லிங்க் கழட்டியிருந்தாத் திரும்பப் போட்டுட்டு, பின்பக்க இறுக்கத்தையும் குறைச்சுட்டு ஓடுங்க.

வெட்டின ஸ்பிரிங்: இதைப் பத்தி எனக்கு மனத்தாங்கல் இருக்கு. என்ர சொந்த ஸ்டார்லெட்டையே ஒரு கராஜ்ல குடுத்து, அவங்க ஸ்பிரிங்ல ஒண்டரைச் சுத்து வெட்டித் தந்தாங்க, பாக்க வடிவு, கீழ குந்திக்கொண்டு நிண்டுது. ஓடினா வளைவு நடுவுல முன்பக்கம் டொக் எண்டு ஒரு சத்தம், அடுத்த கணம் பிடி இல்ல. ஷொக் கம்பில தூசி மறைக்கிற ரப்பரைத் தூக்கிட்டு ஒரு கேபிள் டை இறுக்கிக் கட்டி ஓடிப் பாத்தன். ஒரே வளைவுல கேபிள் டை மேல இருக்கிற முட்டு ரப்பர் வரைக்கும் போய் நசுங்கிக் கிடந்துது. ஸ்பிரிங் வேலை செய்யுறதுக்கு இடமே இல்ல, ரப்பர்லதான் கார் நிக்குது. பழைய ஸ்பிரிங்கைத் தேடிப் பிடிச்சுத் திரும்பப் போட்டன், அதே டயர், அதே எஞ்சின், கார் வளைவால இழுத்துக்கொண்டு வந்துது. நீங்களும் கேபிள் டை கட்டிப் பாருங்க, சில்லறைக் காசுச் சாமான், லட்சக்கணக்கை மிச்சம் பிடிச்சுத் தரும். ஷொக் ஒழுகுதா, லோவர் ஆம் புஷ் (சில்லைப் பிடிக்கிற கீழ்க் கையின்ர ரப்பர்) வெடிச்சிருக்கா எண்டதையும் அதே நேரம் குனிஞ்சு பாத்துடுங்க.

கடைசியாத்தான் எல்எஸ்டி, அதாவது ஒரு சில்லு மட்டும் சும்மா சுத்த விடாம மற்றதுக்கும் இழுவை குடுக்கிற டிஃபரன்ஷல். காசு கூட, கியர்பொக்ஸ் திறக்கணும், ஷிம் (இடைல வைக்கிற மெல்லிய தகடு) அளவு பாத்துப் போடணும், அதைத் தெரிஞ்ச கியர்பொக்ஸ் பாஸ்கிட்ட மட்டும் குடுங்க. டிஃபரன்ஷலை (இழுவையை ரெண்டு சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்லுத் தொகுதி) வெல்டிங் அடிச்சுத் தாறன் எண்டு யாரும் சொன்னா வேணாம் எண்டு சொல்லுங்க, முன் சில்லுக் கார்ல ஸ்டியரிங் கல்லாகிடும், சில்லைச் சுத்துற தண்டான ட்ரைவ் ஷாஃப்ட்டும் உடையும்.

வளைவால வெளிய வரக்குள்ள முள் கீழ கிடந்து முக்கி முக்கி ஏறுது

ரெண்டாம் கியர்ல இழுவை இல்ல, முதலாம் கியருக்குப் போட்டா உடன லிமிட்டர்ல (எஞ்சின் இதுக்கு மேல சுத்தாம நிப்பாட்டுறது) முட்டுது. எல்லாரும் சொல்ற முறைப்பாடு இது, கியர் உயரம் கூடிட்டு, அதாவது எஞ்சின் ஒரு சுத்துக்குச் சில்லு கூடத் தூரம் ஓடுது.

வீடியோல ரெண்டு நம்பர் எடுங்க: ஆகக் குறைஞ்ச வேகத்துல வாற வளைவுல வெளிய வரக்குள்ள முள் எங்க நிக்குது, ஆக நீளமான நேர்த் துண்டுல கடைசில எங்க நிக்குது. முதலாவது 3000க்குக் கீழ, மற்றது 5000 தாண்டல்ல எண்டா நீங்க எஞ்சின்ர நல்ல பகுதியைத் தொடவே இல்ல.

கழட்ட முன்னம் ரோட்டுக்குப் போட்ட டயர் சைஸைப் பாருங்க. 175/70 ஆர்13 டயர் ஒரு சுத்துக்கு 1.81 மீற்றர் போகும், 175/60 ஆர்13 எண்டா 1.70 மீற்றர். வித்தியாசம் 6 வீதம். உங்கட ரெண்டாம் கியர் 1.9, ஃபைனல் (கியருக்குப் பிறகு சில்லுக்குப் போற கடைசிப் பல்லு விகிதம்) 4.1 எண்டு வைங்க, 6500 ஆர்பிஎம்ல பழைய டயரோட 90 கிலோமீற்றர் வேகம், புது டயரோட 85. அதே பெரிய டயரோட ஃபைனலை 4.4க்கு மாத்தினாலும் 84தான் வரும். அதாவது கியர்பொக்ஸ் இறக்கிப் பிரிச்சு ஃபைனல் தேடிப் போடுறதால கிடைக்கிறதுல பெரும்பகுதி, எப்படியும் வாங்கப்போற டயர்லயே கிடைக்குது. கார் ஒண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல இறங்கும், கிரவல்ல அடி முட்டுதா எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்க. பெரிய ரிம் போட்டு வடிவு பாத்தவங்களுக்கு இதே கணக்கு எதிர்ப்பக்கமா வேலை செய்யும், ரிம் பாரமும் சேர்ந்துகொள்ளும்.

டயரும் போதல்லயெண்டா ஃபைனல். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள்ல கியர்பொக்ஸ் எடுக்கிறவங்க கடைக்காரர் சொல்றதை மட்டும் நம்பாதீங்க, ஒரே மாதிரி வெளித்தோற்றத்துக்குள்ள வேற வேற பல்லு இருக்கும். உங்கட கார்ல இப்ப என்ன இருக்கு எண்டு வீட்டுலயே எண்ணலாம்: பின் சில்லுகளுக்குக் கட்டை வச்சு, ஹாண்ட் பிரேக் இழுத்து, முன் சில்லு ஒண்டை மட்டும் ஜக் அடிச்சு ஸ்டாண்ட்ல நிப்பாட்டுங்க. சாவியைக் கழட்டி வச்சிட்டு ப்ளக் நாலையும் கழட்டி, ரெண்டாம் கியர்ல போட்டு, தூக்கின சில்லைக் கையால சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. மற்றச் சில்லு நிலத்துல நிக்கிறதால ரெண்டு சுத்துத்தான் டிஃபரன்ஷலுக்கு ஒரு சுத்து. அந்த நேரம் ஒருத்தர் கிராங் புலியை (எஞ்சின் நுனில பெல்ட் ஓடுற சில்லு) பாத்து எண்ணணும். ஏழே முக்கால் சுத்து வந்தா அதுதான் ரெண்டாம் கியரையும் ஃபைனலையும் பெருக்கின விடை. இந்த நம்பரைக் கொப்பில எழுதிக்கொண்டு கடைக்குப் போங்க. பல்லு மாத்தி செட் பண்றது மட்டும் வீட்டு வேலை இல்ல, பெயாரிங் இறுக்கம் பிழைச்சா ஒரு சீசன் முடிய முன்னம் அலறும்.

முள் ஒழுங்கா ஏறுது, ஆனா எல்லா இடத்துலயும் மெதுவா

எந்த வளைவையும் குறை சொல்ல ஏலா, முழு ஓட்டமும் பாரமா இருக்கும். ரெண்டுல ஒண்டு, எங்கயோ பிரேக் பிடிக்குது இல்லாட்டி கார் பாரம்.

பிரேக்கை முதல்ல பாருங்க, ஏனெண்டா இது கடல் ஊர். உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் வெளிய நிப்பாட்டுற காருகளுக்கு ஹாண்ட் பிரேக் கேபிள் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு இழுத்தது இழுத்தபடி நிக்கும். மட்டமான சீமெந்துத் தரையில நியூட்ரல்ல விட்டுட்டுத் தனி ஆளாத் தள்ளிப் பாருங்க, 800 கிலோக் கார் ஒரு கையால தொடங்கி ரெண்டு கையால ஓடணும். ஓட்டம் முடிஞ்சு வந்த உடன நாலு ரிம்லயும் கொஞ்சம் தண்ணி தெளிங்க. ஒரு நாள் பின்னேரம் ஒரு தம்பின்ர மார்ச்சுக்கு இப்படித் தெளிச்சம், மூண்டு சில்லுலயும் தண்ணி வழிஞ்சு போச்சு, பின் இடதுல ட்ரம் சீ எண்டு ஆவி பறந்துது. கழட்டினா ஷூ ஒண்டு கறுத்து மினுங்கிக்கொண்டு கிடக்கு, கேபிள் நுனில உப்பு வெள்ளையாப் படிஞ்சு போயிருக்கு. கேபிள் மாத்தி, ஷூவும் மாத்தினம். தம்பி அதுவரைக்கும் மூண்டு மாசமா எஞ்சின் தேடிக்கொண்டு திரிஞ்சவர். முன் பிரேக் கலிப்பர் நகருற கம்பிகளையும் கழட்டித் துடைச்சு அதுக்குரிய கிரீஸ் பூசுங்க. பிரேக் பிஸ்டன் இறுகியிருந்தாலோ எண்ணெய் ஒழுகினாலோ உடன தெரிஞ்ச பாஸ்கிட்டக் குடுங்க, பிரேக்ல பரீட்சை வைக்க வேணாம்.

இப்ப பாரம். தம்பலகாமம் பக்கம் நெல்லு மில்லுல லொறி நிறுக்கிற தராசு இருக்கு, கேட்டா நிறுத்துத் தருவாங்க. முழுக் கார் ஒரு தரம், முன் சில்லு ரெண்டையும் மட்டும் ஏத்தி ஒரு தரம், கழிச்சா பின்பக்கம். லொறித் தராசு பத்துப் பத்தா, இருவது இருவதாத்தான் காட்டும், அதுக்கு மேல நுணுக்கம் எதிர்பாக்காதீங்க.

கழட்டுற ஒழுங்கு: 40 லீற்றர் டேங்க் நிரப்பினா பெற்றோல் மட்டும் 30 கிலோ, கால் டேங்க்கோட ஓடுங்க, ஆனா அதுக்கும் கீழ போனா வளைவுல பெற்றோல் ஒதுங்கி எஞ்சின் விக்கும். ஸ்பெயார் சில்லு, ஜக், ஸ்பானர் பெட்டி எண்டு இன்னும் 20 கிலோ. பின் சீற்று. ஸ்பெயார் சில்லுப் பள்ளத்தைக் கட்டாயம் பாருங்க, நிலாவெளிக் கடற்கரைக்குக் குடும்பத்தோட போய் வந்த கார் ஒண்டுல பாயைத் தூக்கினா ஈர மண், அள்ளி உரப் பையில போட்டு நிறுத்துப் பாத்தம், ஒம்பது கிலோ. 870 கிலோல 45 கிலோ கழிஞ்சா இழுவை 5 வீதம் கூடின மாதிரி, அதை எஞ்சின்ல எடுக்கிறதெண்டா எவ்வளவு காசு எண்டு உங்களுக்கே தெரியும்.

சுத்துற சாமான்ல குறைக்கிற ஒரு கிலோவுக்குப் பெறுமதி கூட, ரிம் ஓரத்துல இருக்கிற பாரத்தைக் கார் முன்னுக்கும் தள்ளணும், சுத்தவும் வைக்கணும். ஒரு சில்லுக்கு ரெண்டு கிலோ குறைஞ்ச ரிம் போட்டா ஸ்டார்ட்லயே கை உணரும். ஆனா கதவுக்குள்ள இருக்கிற பாதுகாப்புக் கம்பி, சீற் பெல்ட், முன் பம்பர் பீம் எண்டதுகளைப் பாரம் எண்டு வெட்ட வேணாம், ரோல் கேஜ் (கார் உருண்டா ஆளைக் காக்கிற கம்பிக் கூடு) அடிக்கிறதெண்டா போட்டி விதியைத் தெரிஞ்ச வெல்டிங் ஆள் வேணும்.

முள் நடுங்குது, முன்பக்கம் டக டக டக எண்டு குதிக்குது

உடன காலை எடுங்க. அப்படியே மிதிச்சுக்கொண்டு நிண்டா ட்ரைவ் ஷாஃப்ட் உடையும். பொனட்டைத் திறந்து வச்சு, ஹாண்ட் பிரேக் இழுத்து, காருக்கு முன்னால ஒருத்தரும் நிக்காம, ஒருத்தர் கிளச்சை மெல்ல விட்டுப் பிடிக்க மற்றவர் பக்கத்துல நிண்டு பாக்கணும். எஞ்சின் ரெண்டு விரலுக்கு மேல பின்னுக்குச் சரிஞ்சா மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சிட்டு. அது இல்லாட்டி லோவர் ஆம் புஷ், ஷொக். மூண்டும் நல்லமெண்டா வீல் எலைன்மென்ட் போடுற இடத்துக்குப் போங்க.

முதல் ரெண்டு ஓட்டம் நல்லம், மூண்டாவதுல இருந்து கார் செத்துப்போகுது

சித்திரை வெயில்ல எல்லாருக்கும் வாறதுதான். டயரைத் திரும்ப அளவுங்க, டயருக்குள்ள 10 பாகை சூடேறினா ஒண்டரை பிஎஸ்ஐ கூடும், காலைல வச்ச அளவு மத்தியானம் இருக்காது. ஓட்டத்துக்கு இடைல பொனட்டைத் திறந்து விடுங்க, எஞ்சின் சூட்டுல காத்து மெலிஞ்சு போனா இழுவையும் குறையும், எயார் ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால திறந்து கிடந்தா வெளிக்காத்து வாற மாதிரி ஒரு குழாய் போடுங்க. தண்ணிச் சூடு முள் நடுவைத் தாண்டுதெண்டா ரேடியேட்டர் முன்பக்கத்துல கிரவல் தூசியும் செத்தையும் அடைச்சிருக்கும், பின்பக்கத்தால தண்ணி அடிச்சுக் கழுவுங்க. ஃபேன் வேலை செய்யுதா, தெர்மோஸ்டற் திறக்குதா எண்டு அடுத்ததாப் பாருங்க.

தண்ணி குறையுது, ஆனா எங்கயும் ஒழுகல்ல, ரேடியேட்டருக்குள்ள குமிழ் வருது எண்டா அந்த நாள் ஓட்டத்தை அதோட நிப்பாட்டி, காரை ஏத்திக்கொண்டு எஞ்சின் பாஸ்கிட்டப் போங்க, ஓட்டிக்கொண்டு போகாதீங்க. ஹெட்டுக்குக் கீழ இருக்கிற கஸ்கற் மட்டும்தான் போயிருக்கும் எண்டா ஹெட் மிஞ்சும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்கவும் வேணாம், ஒரு மணித்தியாலம் ஆற விடுங்க.